காலமயக்கமும் கதைக்கட்டும்

உண்டுகொண்டிருக்கும் ஒருவனை வாயிலில் நின்று மற்றொருவர் அழைக்கிறார். அவன் இலையை விட்டு எழவில்லை, கையும் கழுவவில்லை. ஆயினும், ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுக்கிறான். இனி நிகழவேண்டிய வருகையை நிகழ்ந்து முடிந்ததாகக் கூறிய அவன் பொய் கூறினானா? இல்லை. விரைவுபற்றி எதிர்காலம் இறந்தகாலமாயிற்று என்று இலக்கணம் அதற்கு அமைதி கூறும். காலத்தை மாற்றிச் சொல்வதற்குத் தக்க காரணம் உளதாயின் அது வழுவாகாது, வழுவமைதியாகும். காரணம் இல்லையாயின் வழுவேயாம். பண்டித வகுப்பிலே ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் பாடம் இது.

பிறர்க்குக் கற்பித்த பாடத்தை நானே மறந்த நிகழ்ச்சியொன்றை இங்கே ஒளியாது சொல்வது கடமை. என்னிடம் முன்னர்ப் பயின்று இப்பொழுது ஆசிரியராயிருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டில் ஒரு கட்டுரையுடன் வந்தார். பாரசீக மொழியில் எழுந்த ‘குருட்டாந்தை’ என்னும் நாவலைப் பற்றியது அது. திருத்தித் தரும்படி வேண்டினார். அதில் இருந்த கதைச் சுருக்கத்தைப் படித்தேன். ஒருத்தி முற்பகுதியிலே இறந்து புதைக்கப்படுகிறாள், பிற்பகுதியிலே கொலையுண்கிறாள். முற்பகுதி இக்காலத்தில் நிகழ்கிறது. அதிலிருந்து விழித்தெழுபவன் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய நகரமொன்றில் இருக்கிறான். சிவப்பு மையால் ஓரத்திலே ‘காலவழு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ‘அபின் உண்டவனுடைய பிதற்றலுக்கு அமைதி தேடுவது வீண் வேலை, தம்பி’ என்றும் சொன்னேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. ‘ஐயா, நூலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்’ என்று ஆங்கில மொழிபெயர்ப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நூலைப் படியாமலே தீர்ப்பெழுதிய என் பிழை முதல்முறை படித்தபோதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாம்முறை படித்தபோதுதான் தெரிந்தது. இக்கட்டுரை அப்பிழைக்கு நான் எழுதும் திருத்தம் எனக் கொள்க.

நூலாசிரியராகிய சாதெக் ஹெதாயத் 1903ஆம் ஆண்டில் தெஹ்ரான் நகரிற் பிறந்தவர். பிரான்சிலே சிலகாலம் பயின்று 1930இல் தாயகம் திரும்பியவர். 1936இல் அவர் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள பார்சி அறிஞர் ஒருவரிடம் பழைய பஹ்லவி மொழியைக் கற்றார். அவ்வாறு தங்கியிருந்த காலத்திலேதான் இந்நாவலைத் தம் கையெழுத்தாலேயே படியெடுத்து, 50 படிகள் அளவில் நண்பர்களுக்கு வழங்கினார். ஈரானில் விற்றலாகாது என்னும் குறிப்பு அப்படிகளில் இருந்தது. ரேசா ஷா 1941இல் முடிதுறந்த பின்னரே தெஹ்ரான் நாளிதழ் ஒன்றில் இந்நாவல் வெளிவந்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1953இலும் ஆங்கில மொழிபெயர்ப்பு 1957இலும் தோன்றின. இவ்விரண்டையும் காண ஆசிரியர் இருக்கவில்லை. 1951இல் பாரிசு நகரிலே அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

கதையைச் சுருங்கச் சொல்வேன். ஊர்ப்புறத்திலே தனித்து வாழும் ஒருவன், எழுதுகோற் பேழைகளின் மூடிமேல் ஓவியம் தீட்டிப் பிழைக்கிறான். எத்தனை பேழைக்குத் தீட்டினாலும் அவன் கையில் வருவது ஒரே ஓவியம்: ஒரு சைப்பிரசு மரம், அதன் அடியிலே கூனிய கிழவன், அவனுக்குப் பூவொன்றை நீட்டும் கருந்துகில் மங்கை, இருவர்க்கும் இடையே ஒரு நீரோடை. ஒருநாள் அவனைக் காண முதியவர் ஒருவர் வருகிறார். அவருக்குக் கொடுப்பதற்காக மேற்றட்டில் இருந்த மதுக்குப்பியை எடுக்க ஏறியவன், சுவரிலுள்ள துவாரத்தின் வழியே அதே காட்சியை உயிரோடு காண்கிறான். பின்னர் அந்தத் துவாரமே சுவரில் இல்லை. மங்கையைத் தேடி அலைகிறான். ஓரிரவு அவள் தானாகவே வந்து அவன் படுக்கையிற் கிடக்கிறாள். குப்பியிலுள்ள மதுவை அவள் வாயில் வார்க்கிறான். அவள் பிணமாகிறாள். அவளுடைய முகத்தை வரைந்துகொண்டு, உடலைத் துணித்துப் பெட்டியில் அடைத்து, கூனிய கிழவன் ஒருவனுடைய பிணவண்டியில் ஏற்றிச் சென்று புதைக்கிறான். குழி தோண்டும்போது மண்ணிலிருந்து பழஞ்சாடியொன்று வெளிப்படுகிறது. வீடு சேர்ந்து பார்த்தால், அச்சாடியில் எழுதப்பட்டிருக்கும் முகம் அவன் முதல்நாளிரவு வரைந்த அதே முகம்! அபின் புகைத்து அறிவிழக்கிறான். முற்பகுதி இவ்வளவே.

விழித்தெழும்போது அவன் றேய் என்னும் பழைய நகரத்தில் இருக்கிறான். உடையிலே குருதி உறைந்து கிடக்கிறது. காவலர் வந்து பிடிப்பதற்குள் தன் வரலாற்றை எழுதிவிடவேண்டும் என்று, சுவரில் ஆந்தைபோல் விழும் தன் நிழலுக்காக எழுதுகிறான். அவனுக்கு ஒரு மனைவி. அவளை அவன் பெயர் சொல்லி அழைப்பதில்லை, பரத்தை என்றே குறிப்பிடுகிறான். வளர்த்த செவிலி ஒருத்தி. சாளரத்துக்கு வெளியே ஓர் இறைச்சிக்கடைக்காரன். பழஞ்சாமான்களைப் பரப்பி வைத்திருக்கும் கூனிய கிழவன். இவர்களே அவனுடைய உலகம். இறுதியிலே மனைவியைக் கத்தியாற் கொல்கிறான். கண்ணாடியைப் பார்க்கும்போது தானே அந்தக் கிழவனாகிவிட்டதைக் காண்கிறான். பிறகு மீண்டும் முற்பகுதியின் அறை; தணலடுப்பின் அருகே விழித்தெழுகிறான். கிழவன் சாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து மறைகிறான்.

இது கனவுக் கதை, கனவுக்கு முறையேது என்று சிலர் சொல்வர். நானும் அவ்வாறே நினைத்தேன். ஆனால், முறையற்ற கனவிலே காசுக்கணக்கு இருக்குமா? இந்நூலில் இருக்கிறது.

முற்பகுதியில் கதைசொல்பவன் கையிலுள்ள பணம் இரண்டு கிரானும் ஓர் அப்பாசியும். பிற்பகுதியில் அது இரண்டு திர்ஹமும் நான்கு பெஷீஸும் ஆகிறது. கிரானும் அப்பாசியும் அண்மைக்கால ஈரானில் வழங்கிய காசுகள். திர்ஹமும் பெஷீஸும் பழங்காலத்தவை. நாம் எந்த யுகத்தில் நிற்கிறோம் என்பதை ஆசிரியர் ஆண்டுக்கணக்கு எதுவும் தராமல், சட்டைப்பையிலுள்ள சில்லறையாலேயே அறிவித்துவிடுகிறார். இன்னும் நோக்குக. ஓர் அப்பாசி என்பது நான்கு ஷாஹி. எனவே முன்னையதும் இரண்டும் நான்கும். பின்னையதும் இரண்டும் நான்குமே. அம்மங்கையின் பார்வையைத் தான் இழந்து எத்தனை நாளாயிற்று என்று முற்பகுதியில் அவன் எண்ணுகிறான். இரண்டு மாதமும் நான்கு நாளும் என்று கணக்கு வருகிறது. காசு மாறுகிறது, எண் மாறவில்லை. காலம் மாறியது போலத் தோன்றுகிறது. மாறாத ஒன்று உள்ளே கிடக்கிறது. நூல் முழுவதற்கும் இதுவே திறவுகோல் என்பது என் துணிபு.

இரண்டாவதாக, மதுக்குப்பியைப் பார்ப்போம். முற்பகுதியிலே அது வழிவழி வந்த பழைய மது என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதை வார்த்ததும் மங்கை இறந்து கிடக்கிறாள், காரணம் சொல்லப்படவில்லை. பிற்பகுதியிலே கதைசொல்பவனுடைய தாயின் வரலாறு வருகிறது. அவள் இந்தியாவிலே, காசி நகரில், இலிங்கக் கோயிலில் ஆடிய பூகாம்தாசி என்பவள். வாணிகத்திற்காக அங்கே சென்ற இரட்டைச் சகோதரர் இருவரும் அவளை விரும்பினர். இருவரையும் இருட்டறையிலே நாகபாம்புடன் அடைத்து, பிழைத்தவனுக்கு அவள் உரியவள் என்று சோதனை வைக்கப்பட்டது. நரைத்து மூத்து, சித்தம் கலங்கி ஒருவன் வெளியே வந்தான். வந்தவன் தந்தையா, தந்தையின் உடன்பிறந்தானா என்பது மகனுக்குத் தெரியாது. மகனைப் பிரியும்போது தாய் விட்டுச்சென்ற சொத்து நாகத்தின் நஞ்சு கலந்த ஒரு குப்பி மது. ஆகவே, காரியத்தை நூலின் முற்பாதியிலும் காரணத்தைப் பிற்பாதியிலும் வைத்தார் ஆசிரியர். மங்கை இறந்தது ஏன் என்பதை நாம் அறியும்போது அவளைப் புதைத்து நெடும்பொழுது ஆகிவிட்டது. படித்த பக்கங்களுக்குத் திரும்பிச் சென்று அக்குப்பியை நாம் வேறு கண்ணாற் பார்க்கிறோம். படிப்பவனையே பின்னோக்கி நடக்கச் செய்யும் உத்தி இது.

மூன்றாவது, ஒரு நாள். பாரசீகர்க்குப் புத்தாண்டு இளவேனிலின் தொடக்கத்தில் வரும் நவுரூசு. அதன் பதின்மூன்றாம் நாளில் வீட்டில் அடைந்து கிடத்தல் ஆகாது என்று குடும்பங்கள் எல்லாம் ஊரை விட்டு வெளியே சென்று, ஓடைக்கரைகளிலும் புல்வெளிகளிலும் பொழுது போக்குவர். முற்பகுதியில் ஓவியன் துவாரத்தின் வழியே அக்காட்சியைக் கண்டது இந்தப் பதின்மூன்றாம் நாளில். ஊரார் அனைவரும் வெளியே சென்றிருக்க, அவன் ஒருவனே கதவடைத்து உள்ளே இருந்தான். பிற்பகுதியில் அவன் ஓர் இளமை நினைவைச் சொல்கிறான். அதுவும் ஒரு பதின்மூன்றாம் நாள். சிறுவர்கள் ஆற்றங்கரையில் ஒளித்துப் பிடித்து விளையாடுகின்றனர். பின்னாளில் அவன் மனைவியாகப்போகும் சிறுமி நீரில் வழுக்கி விழுகிறாள். சைப்பிரசு மரத்தின் பின்னே அவளுக்கு உடை மாற்றுகின்றனர். மரம், நீர், பெண் மூன்றும் அங்கே இருக்கின்றன. பேழை மூடிகளில் அவன் ஓயாது தீட்டிய ஓவியம் எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது விளங்குகிறது. அது கற்பனையுமன்று, தெய்வக் காட்சியுமன்று. நகர மறுத்து நின்றுவிட்ட ஒரு பிள்ளைப்பருவ நாள்.

நான்காவது, இடம். காலத்தைப் பற்றிய கட்டுரையிலே இடத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்நூலில் காலம் இடமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. றேய் என்பது கற்பனை நகரமன்று. ஒருகாலத்தில் பெருநகராய்ப் பொலிந்து, 1220ஆம் ஆண்டில் மங்கோலியர் படையெடுப்பால் அழிந்தது. மட்கலங்களுக்குப் பேர்போன அவ்வூரின் இடிபாடுகள் தெஹ்ரானின் தென்புறத்தில் உள்ளன. 1934 முதல் 1936 வரை அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கே அகழ்ந்தனர். ஹெதாயத் பம்பாய்க்கு வந்ததும் 1936இலேதான். பிணவண்டிக் கிழவன் ஷா அப்துல் அசீம் அடக்கத்தலத்தின் பக்கமே வண்டியை ஓட்டுகிறான். அத்தலம் இருப்பது பழைய றேய் நகரின் மண்ணில். இப்பொழுது நூலின் அமைப்பு முழுவதும் தெளிவாகும். முற்பகுதியில் மண் தோண்டப்படுகிறது; ஒரு பெண்ணுடல் கீழே போகிறது; ஒரு சாடி மேலே வருகிறது. பிற்பகுதியில் அந்த மண்ணின் கீழுள்ள நகரம் உயிர்பெற்று எழுகிறது. நாவலின் இரு பகுதிகளும் முன்பின்னாக அடுக்கப்பட்டவையல்ல, மேல்கீழாக அடுக்கப்பட்டவை. அகழ்கின்றவனுக்கு முதலில் கிடைப்பது பிந்திய காலத்துப் பொருள். ஆழத்தில் கிடைப்பதே முந்திய காலத்தது. அந்த ஒழுங்கிலேயே நாமும் படிக்கிறோம். ‘காலவழு’ என்று நான் எழுதியது அகழ்வின் ஒழுங்கை அறியாமையால்.

சரி, ஒழுங்கு உண்டு என்று கண்டோம். அதற்குக் காரணம் உண்டா? நிகழ்ந்த முறையிலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அவ்வாறு சொல்லியிருந்தால் இது ஒரு கொலைக் கதை. ஐயமும் பொறாமையும் கொண்டவன் மனைவியைக் கொன்றான், பிடிபடுவதற்கு அஞ்சினான் என்பதோடு முடிந்திருக்கும். ஹெதாயத் காட்ட விரும்பியது கொலையை அன்று, கொன்றவனுடைய காலத்தை. இறந்தகாலம் இறந்துபோனால்தான் ஒருவன் அதனைத் திரும்பிப் பார்க்க முடியும். ‘செய்தேன்’ என்று சொல்பவனே வருந்தவும் முடியும். வருந்துபவனே திருந்தவும் முடியும். இக்கதையிலே எழுதுபவனுக்கோ எதுவும் இறந்துபோகவில்லை. தந்தைக்கு நிகழ்ந்தது அவனுக்கு நிகழ்கிறது. பழங்காலத்துச் சாடியின் முகம் நேற்றைய ஓவியத்தில் இருக்கிறது. புதைத்தவள் கொல்லப்படக் காத்திருக்கிறாள். ஆகவே அவனால் வருந்த முடியவில்லை. வருந்தாமையால் அதே செயலை வேறு நாணயம் வழங்கும் காலத்தில் மீண்டும் செய்கிறான். இரண்டும் நான்கும் என்ற எண் மாறாததன் பொருள் இதுவே. காலம் நகராத நிலை மயக்கமன்று, தண்டனை. இதனை உணர்த்துவதற்கு நேர்க்கோட்டுக் கதை உதவாது.

மற்றொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. ரேசா ஷா காலத்து ஈரானிலே அரசு பழம்பெருமையைப் பறைசாற்றியது. பிற நாட்டார் தம் நாட்டைப் பாரசீகம் என்னாது ஈரான் என்றே வழங்கவேண்டும் எனக் கேட்டது 1935இல். ஹெதாயத்தும் பழமையை வெறுத்தவரல்லர். பஹ்லவி கற்கக் கடல் கடந்து வந்தவர் அல்லரோ? ஆயினும் அவருடைய நாவலில் மண்ணிலிருந்து எழும் பழைய நகரம் மாண்போடு எழவில்லை. குருதி தோய்ந்த உடையோடு எழுகிறது. அழகிய சாடிதான், ஆனால் அது கிடைத்தது ஒரு சவக்குழியில். பழமையை ஓதுவதையே தொழிலாகக் கொண்ட என்போன்றார் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்பது நன்று.

இவ்வளவு சொன்னதால் நூலிலே குறையே இல்லை என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. இக்கதையிலே பெண் ஒன்றில் வானுலக மங்கை, அன்றேல் பரத்தை; இடையிலே மானிடப் பெண்ணுக்கு இடமே இல்லை. கொல்லப்படும் மனைவி தன் பக்கத்தைச் சொல்ல ஒரு பக்கமேனும் அவளுக்குத் தரப்படவில்லை. கதைசொல்பவனுடைய நோய் அது, ஆசிரியருடைய குறையன்று என்று வாதிக்கலாம். அவ்வாதம் பாதிதான் நிறைவு தருகிறது. இளம் மாணாக்கர் கையில் இந்நூலைத் தனியே கொடுக்கவும் நான் துணியேன். முதிர்ந்த மாணாக்கர் ஆசிரியருடன் இருந்து படிக்கத்தக்க நூல் இது.

நிற்க. இன்று நம் இலக்கிய வட்டங்களிலே இருசாராரைக் காண்கிறேன். ஒருசாரார், கதை தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாக வராவிட்டால் அது கதையே அன்று என்பர். நான் அவர்களுள் ஒருவனாயிருந்தேன். மற்றொருசாரார், அத்தியாயங்களைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப்போட்டால் அதுவே புதுமை என்பர். இருவர்க்கும் பழைய இலக்கண நூலே விடை வைத்திருக்கிறது. மயக்கத்தைக் கண்டதும் தள்ளாதே, மயக்கத்தைக் கண்டதும் கொண்டாடாதே, காரணம் கேள். காரணம் நூலுக்குள்ளேயே கிடைத்தால் அது அமைதி. நூலுக்கு வெளியே நின்று ஆசிரியர் விளக்கவுரை தரவேண்டியிருந்தால் அது வழு.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். நாவல் பாடத்திலே கதைச் சுருக்கம் எழுதுக என்று வினா அமைக்கிறோம். மாணாக்கரும் முன்பின்னாய்க் கிடந்தவற்றை வரிசைப்படுத்தி எழுதி முழுப்புள்ளியும் பெறுகின்றனர். ‘குருட்டாந்தை’யை அவ்வாறு வரிசைப்படுத்தி எழுதினால், சாடியும் குப்பியும் காசும் பொருளிழந்து வெறும் தட்டுமுட்டுச் சாமான்களாகிவிடும். இது ஏன் இங்கே வைக்கப்பட்டது, முன்னே வைத்திருந்தால் என்னாகும் என்னும் வினாவையும் உடன் கேட்போமாக. அவ்வினாவை நானே கேட்கத் தவறியதால் ஓர் இளைஞர் பட்ட உழைப்பைச் சிவப்பு மையால் அழிக்க இருந்தேன்.

சென்ற மாதம் அவருடைய கட்டுரையை மீண்டும் கேட்டு வாங்கினேன். ‘காலவழு’ என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. அதனை வெட்டிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வெட்டினால் என் பிழை மறைந்துவிடும், ஆதலின் வெட்டவில்லை. அதே சிவப்பு மையால் அதனோடு ‘அமைதி’ என்பதைச் சேர்த்துக் ‘காலவழுவமைதி’ ஆக்கினேன். கொல்லப்பட்ட அம்மனைவியைப் பற்றி ஒரு பத்தி சேர்க்குமாறு கீழே ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். ‘ஐயா, அந்தப் பத்தி என்னிடம் முன்னமே இருந்தது. நீளம் கருதி எடுத்துவிட்டேன்’ என்றார். அடுத்த வாரம் அதனைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.